பெருக்கல் குறி போட்ட சுரங்கள்

நான் பேய்க்கதை சொல்கிறவள் இல்லை, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த சந்தில் மாசத்துக்கு ஒருத்திக்காவது ஏதாவது ஏறும், யாராவது வந்து மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், ஊரே கூடி நிற்கும், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். யட்சியோ சாத்தானோ எதுவும் என்னிடம் வாலாட்டியதில்லை. இப்போதும் எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடந்தது நடந்ததுதானே. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் மத்தியானம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில், சாப்பாட்டு நேரத்தில், நல்ல வெளிச்சத்தில். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அதை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்தாறு வயது. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் கப்பலேற்றுகிற ஒரு குஜராத்தி சேட்டின் கம்பெனியில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அண்ணன் பப்படம் போட்டு விற்கிறவன், அவன் வீட்டில்தான் இருந்தேன். வீடு முழுக்க உளுந்து மாவு, ஆபீஸ் முழுக்க மிளகுத் தூசி. இரண்டுக்கும் நடுவில் தும்மிக்கொண்டே என் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் சேட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்து ஃபோர்ட் கொச்சிக்கு அனுப்பினார். போகிற வழியில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து பியானோ சத்தம் கேட்டது. எனக்கு அதுவரை பாட்டில் பெரிய ஈடுபாடு ஒன்றும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்த கேட்டுக்கு வெளியே, மழை தூறுவது தெரியாமல், கையில் இருந்த கடிதம் நனைந்து மை கலங்கும் வரை நின்றுவிட்டேன். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். மிஸ் ஐரீன் என்று ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரி டீச்சர், ஐம்பது வயசிருக்கும், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் என் கையை வாங்கி, மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல விரல் விரலாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வீட்டில குழந்தை இருந்தா கூட்டிட்டு வாங்க. பெரியவங்களுக்கு விரல் இறுகிப் போயிருக்கும். நான் நேரம் வீணாக்கறதில்ல."

நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற விரலைப் பார்த்து இறுகிப் போச்சு என்கிறாள். வரும்போது ரோட்டில் எதிரே வந்தவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சொன்னால் அண்ணன் அதற்கு மேல். "ஆர்மோனியமாவது அந்தக் காலத்துலயே படிச்சிருந்தா ஒரு மாப்பிள்ளை சிக்கியிருப்பான், இனி எதுக்கு" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எவளிடமும் போய் நிற்க மாட்டேன். எனக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நானே படித்து, ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை நானே வாசிப்பேன். அந்த ஒரு பாட்டு முழுசாக என்னுடையதாக இருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அப்படி வேறு எதுவும் இல்லை, அதனால்தான் அப்படி ஒரு வெறி.

பியானோ எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸிலேயே இருந்தது. அந்தக் கட்டடம் முன்னால் ஏதோ இங்கிலீஷ்காரர் குடியிருந்த இடம். கீழே குடோன், மேலே ஆபீஸ், ஆபீஸுக்குப் பின்னால் காயலைப் பார்த்தபடி ஒரு ஹால். அதில் உடைந்த நாற்காலிகள், பழைய தராசு, சாக்குக் கட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பியானோ கிடந்தது. துரை போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதன் மூடி சரியாக மூடாது, இடுக்கு வழியாக மிளகுத் தூசி போய் எல்லாக் கட்டையிலும் படிந்திருக்கும். சேட்டிடம் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். எலி கடித்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று சிரித்துவிட்டுப் போனார். பியூன் ஔசேப்பு சேட்டன்தான் அதன் மேலிருந்த சாக்கை எல்லாம் தள்ளி இடம் செய்து கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் துரை காலத்திலேயே தண்ணீர் சுமக்க வந்து, அப்படியே தங்கிவிட்ட மனிதர் அவர்.

பியானோவுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலைத் திறந்தால் உள்ளே ஒரு புத்தகம். ஆரம்பப் பாடங்கள், செல்லரித்த ஓரம், லண்டனில் அச்சானது. அதை வைத்துத்தான் படித்தேன். டைப்ரைட்டிங்கும் புத்தகம் வைத்துத்தானே படித்தேன், இதிலென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அங்கே இருபத்தாறு எழுத்து, இங்கே ஏழே எழுத்து. ஆபீஸில் ஏழு எழுத்தையும் டைப் அடித்து, வெட்டி, கட்டைகளில் பசை போட்டு ஒட்டினேன். ஒவ்வொரு சுரத்துக்கு மேலேயும் எந்த விரல் என்று எண் அச்சிட்டிருந்தது, அந்தக் கால இங்கிலீஷ் முறைப்படி, ஒன்று முதல் நான்கு வரை. டைப்ரைட்டரிலும் ஒரு கைக்கு நாலு விரல்தான் எழுத்து அடிக்கும். பெருவிரல் ஸ்பேஸ் பாருக்கு, அதுவும் வலது பெருவிரல்தான், இடதுக்கு வேலையே கிடையாது. எல்லாம் பொருந்தி வந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம்.

நடுநடுவில் சில சுரங்களுக்கு மேல் எண்ணுக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. டைப்பிஸ்டுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பாக அடித்த எழுத்தின் மேல் எக்ஸ் எக்ஸாக அடித்து விட்டால் அது ரத்து, அடுத்து அடிக்கிறவள் அதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அர்த்தம். லண்டன் அச்சாபீஸிலும் தப்பு நடக்கும், அடித்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பெருக்கல் குறி வந்தால் கையைத் தூக்கி அந்த நேரத்துக்குச் சும்மா இருந்துவிட்டு, அடுத்த சுரத்துக்குப் போவேன். பத்து மாசம் இப்படியே படித்தேன். சிரிக்கிறீர்களா? பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் சிரிக்கத்தான் ஆசைப்பட்டேன்.

பத்து மாசமும் மத்தியானச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு ஓடுவேன். முந்தானையால் கட்டைகளைத் துடைப்பேன், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை வைத்து எண்ணிக்கொள்வேன். வலது கை ஒரு வாரம், இடது கை ஒரு வாரம், இரண்டும் சேர்த்து ஒரு மாசம். இரண்டு கையும் சேரும் இடத்தில் என் மூளை இரண்டாகப் பிளந்துவிடும் போலிருக்கும், அப்புறம் ஒரு நாள் தானாகச் சேர்ந்து ஓடும், அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. இருபத்தேழாவது பாடம் இரண்டு பக்கம். அதுதான் நான் குறி வைத்த பாட்டு. அது ஒரு மாதிரி விட்டு விட்டுக் கேட்டது, அதுவும் கடைசிச் சுரத்தில் பெருக்கல் குறி இருந்ததால், மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாதது போல முடியும். வெள்ளைக்காரன் பாட்டு இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஔசேப்பு சேட்டன் ஒரு நாள் கேட்டுவிட்டு, "கொள்ளாம் மோளே, நல்லாத்தான் இருக்கு, ஆனா இடையிடையில பல்லு போன மாதிரி இருக்கு" என்றார். அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஓணம் முடிந்து சேட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஹாலில் சுக்கு சாம்பிள் வைக்க இடம் வேண்டுமாம். ஆலுவாவில் ஆற்றங்கரையில் வீடு கட்டுகிற ஒருத்தர் பியானோவைக் கேட்கிறாராம், அலங்காரத்துக்கு. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நல்ல மனுஷர்தான், விளையாட்டுப் புத்தி உள்ளவர், பெண்களை எல்லாம் சகோதரி முறை வைத்து 'பென்' என்றுதான் கூப்பிடுவார்.

"கோமதிபென், தீபாவளி பூஜைக்கு எல்லாரும் வருவாங்க. அன்னிக்கு ஒரு பாட்டு வாசி. பாட்டா இருந்தா பெட்டி இங்கேயே இருக்கட்டும், சத்தமா இருந்தா ஆலுவாவுக்குப் போகட்டும்."

பூஜைக்கு மிஸ் ஐரீனும் வருவாள், சேட்டின் பேத்திக்கு அவள்தான் டீச்சர் என்று அப்புறம் தெரிந்தது. வரட்டும், நன்றாக வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் ஆரம்பித்தது. துலாம் மாசம், அதாவது ஐப்பசி, மத்தியானமானால் மேகம் கட்டும். ஒரு நாள் போய் முந்தானையை எடுத்தால், சில கட்டைகள் ஏற்கெனவே துடைத்துக் கிடந்தன. எல்லாம் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு. மற்றதில் எல்லாம் தூசி அப்படியே. துடைத்ததைத் தொட்டால் ஈரத்துணி போட்ட மாதிரி குளிர்ச்சி. ஔசேப்பு சேட்டன் பாதி துடைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன், அதற்கும் ஒரு கோபம், செய்தால் முழுசாகச் செய்ய வேண்டாமா. உட்கார்ந்து இருபத்தேழாவது பாடத்தை எடுத்தேன். முதல் பெருக்கல் குறி வந்தது, கையைத் தூக்கிச் சும்மா இருந்தேன். அந்தச் சுரம் கேட்டது.

நான் அடிக்கவில்லை. ஆனால் கேட்டது, மெதுவாக, துணிக்குள்ளிருந்து வருவது போல. நிறுத்தினேன். ஒன்றுமில்லை. பழைய கம்பி, அதிர்ந்திருக்கும். திரும்ப வாசித்தேன். அடுத்த பெருக்கல் குறி, அடுத்த சுரம். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும், நான் வாசித்தால் நான் விட்ட இடத்தில் மட்டும் சரியாக வந்து விழும். எலி என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் சொல்லிப் பார்த்தேன். மேல் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன், பூச்சி வராமல் இருக்க நான் வைத்த வசம்புத் துண்டுதான் கிடந்தது. எலியாகவே இருந்தாலும் எலிக்குத் தாளம் தெரியுமா? ஹாலை விட்டு ஓடி வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அடித்த கடிதங்களைச் சேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

மறுநாள் போனேன். ஏன் போனாய் என்றால், பத்து மாச உழைப்பை ஒரு சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட முடியுமா? இந்த முறை புத்தகத்தைப் பார்க்காமல் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன், பாடம்தான் மனப்பாடமாயிற்றே. கட்டை தாழ்வதைக் கண்ணால் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், யாரும் தொடாமல், அந்தக் கட்டை கீழே போய் மேலே வந்தது. துடைத்திருந்த கட்டைகள்தான் அவை. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் தாழ்கிற கட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? அந்தரத்தில் வேலையில்லாமல் தொங்குகிற என் பெருவிரலுக்கு நேர் கீழே. ஒரு முறை அல்ல, எல்லா முறையும்.

பெருக்கல் குறி என்றால் ரத்து இல்லை. பெருவிரல்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன், பயம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. பத்து மாசம் நான் முட்டாள்தனமாக வாசித்ததை யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்து, இப்போது வந்து திருத்துகிறார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்கேலால் விரல் மொழியில் தட்டுவார் மாஸ்டர். வீட்டில் அண்ணன் திருத்துவான், ஆபீஸில் சேட்டு சிவப்பு மையில் திருத்துவார். இதிலாவது ஒருத்தரும் வேண்டாம் என்று ஒதுங்கி வந்தால், செத்தவர்கள்கூட எனக்குப் பாடம் எடுக்க வருகிறார்கள்.

சரி, தெரிந்துவிட்டது, இனி நானே பெருவிரலால் வாசிக்கிறேன் என்று இறங்கினேன். விட்டால்தானே? என் பெருவிரல் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கட்டை தாழ்ந்துவிடும். விரலை வைத்தால் ஏற்கெனவே கீழே போன கட்டை மேல் பொத்தென்று விழும். முந்திக்கொண்டு அடித்தால் தாளம் கெடும். இரண்டு வாரத்துக்கும் மேல் தினமும் இந்தச் சண்டை. பாட்டு மட்டும் கேட்பதற்கு முழுசாக இருந்தது, பல்லெல்லாம் முளைத்துவிட்டது என்று ஔசேப்பு சேட்டன் கீழேயிருந்து மெச்சினார். அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை. பாட்டில் பாதி என்னுடையது இல்லையே. அவரிடம் இந்தப் பியானோவை முன்னால் யார் வாசித்தார்கள் என்று கேட்டேன். துரையின் பெண்டாட்டி, அந்த மதாம்மா வாசிப்பாள், கிளிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பாள், பொல்லாத கோபக்காரி என்றார். அதுதான், நினைத்தேன். இன்னொரு மிஸ் ஐரீன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் ஹாலுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டைகள் துடைத்து ஈரமாக இருந்தன. நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன்னை யாரும் இங்க கூப்பிடலை. எனக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேண்டாம். ஜெயிச்சாலும் தோத்தாலும் அது நான் வாசிச்சதா இருக்கட்டும். இனி இதைத் தொடாதே. போ."

உட்கார்ந்து வாசித்தேன். பெருக்கல் குறி வந்த இடத்தில் கட்டை சும்மா இருந்தது, என் பெருவிரலுக்காகக் காத்திருந்தது. போய்விட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் யாரையோ அறைந்துவிட்டு வந்தது போல உள்ளங்கை எரிந்தது. இரண்டு நாளும் மத்தியானம் மட்டும் அல்ல, வீட்டில் பப்படம் பரத்துகிற பலகையின் மேலும் பெருவிரலைத் தட்டித் தட்டிப் பழக்கினேன். முப்பத்தாறு வருஷம் சும்மா இருந்த இடது பெருவிரல் இரண்டு நாளில் என்ன கற்றுக்கொள்ளும்?

பூஜை காலை பதினொரு மணிக்கு. சேட்டு குடும்பம், மற்ற கம்பெனிக்காரர்கள், இனிப்புத் தட்டு, எல்லாரும் ஹாலுக்கு வந்து நின்றார்கள். மிஸ் ஐரீன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், என்னை அவளுக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. ஆரம்பித்தேன். முதல் வரி ஓடிவிட்டது. இரண்டாவது வரியில் இடது பெருவிரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. அதைச் சரி செய்யப் போய் வலது கை நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவது முறை பழைய பழக்கத்தில் விரல்கள் பெருக்கல் குறிகளை எல்லாம் விட்டுவிட்டுத் தாவத் தொடங்கின, ஓட்டை ஓட்டையாக. ஒரு கட்டத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனசுக்குள் 'வா, வந்துவிடு' என்று கூப்பிட்டேன். ஒரு கட்டையும் அசையவில்லை. சேட்டின் பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிஸ் ஐரீன் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்து, "போதும், கஷ்டப்படாதீங்க" என்றாள். அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன், அந்தக் கருணையை மன்னிக்கவே மாட்டேன். சேட்டு எனக்கு ஒரு தட்டு இனிப்பு அதிகமாகக் கொடுத்தார், அதிலேயே பதில் வந்துவிட்டது.

ஆனால் என் பெரிய கோபம் அவள் மேலும் இல்லை, சேட்டு மேலும் இல்லை, அந்தப் பெட்டிக்குள் இருந்ததன் மேல்தான். போ என்று சொன்னால் போய்விடுவதா? என் பேச்சை அண்ணன் கேட்டதில்லை, ஆபீஸ் கேட்டதில்லை, உலகத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. கேட்க வேண்டாத அன்றைக்கு, கேட்க வேண்டாத ஒன்று கேட்டுத் தொலைத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ஆலுவாக்காரர் ஆள் அனுப்பினார். மாடிப்படி குறுகல், அதனால் காயல் பக்கத்து ஜன்னலைக் கழற்றி, மிளகு மூட்டை இறக்குகிற கப்பியில் கட்டிக் கீழே நிற்கிற வள்ளத்தில் இறக்கினார்கள். பியானோவைச் சாக்கால் சுற்றி, கட்டைகளின் மேல் பலகை வைத்துக் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள், ஒரு எறும்பு உள்ளே போக வழி கிடையாது. நான் பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தேன், ஆனால் கால் தானாக ஹாலுக்குப் போய்விட்டது. சுமை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க, அது பாதி உயரத்தில் தண்ணீருக்கு மேல் தொங்கியது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சுரம் கேட்டது.

அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் இன்னொரு சுரம். ஆடியதில் கம்பி அதிர்கிறது என்று கீழே ஒருவன் சொன்னான். எனக்கா தெரியாது? இருபத்தேழாவது பாடம். பெருக்கல் குறிகள் மட்டும், வரிசையாக, தாளம் தப்பாமல். நடுவில் விட்ட இடமெல்லாம் என்னுடையது. பத்து மாசம் நான் ஓட்டை விட்டு வாசித்தேனே, அதே போல எனக்கு ஓட்டை விட்டு அது வாசித்தது. சுமட்டுக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். ஔசேப்பு சேட்டன் என் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"திரேசா," என்றார்.

யார் திரேசா என்று கேட்டேன். கும்பளங்கி ஊர்க்காரி, மதாம்மா வீட்டில் துடைத்துப் பெருக்குகிற பெண், அவருக்கும் அவளுக்கும் அப்போது ஒரே வயசு. மதாம்மா மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கின பிறகு, தினமும் இந்தப் பெட்டியை ஈரத்துணியால் துடைக்க வருவாள். துடைக்கிற மாதிரி, துணிக்கு அடியில் பெருவிரலால் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி, மதாம்மா வாசித்த பாட்டைத் தேடுவாள். மற்ற விரலை எல்லாம் வைத்தால் சத்தம் அதிகமாகிவிடும் என்று பயம். அப்படியே ஒரு வருஷம். ஒரு நாள் மதாம்மா விழித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். தொடாதே, போ என்று அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டாள். மறுவருஷம் திரேசா வைசூரியில் போய்விட்டாளாம்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், அவ்வளவு வயசான மனுஷர் என்றுகூடப் பார்க்காமல்.

"யாரு வாசிச்சான்னு தானே மோளே கேட்டே. யாரு துடைச்சான்னு கேட்கலையே."

வெளியே பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டது. கடைசிச் சுரம் பெருக்கல் குறி, சொன்னேன் அல்லவா. அதற்கு முந்தினது என்னுடையது. அங்கே வந்து அது நின்றது, காத்திருந்தது. பியானோ கயிற்றில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நான் என்ன செய்திருக்க முடியும், ஜன்னல் சட்டத்திலாவது விரலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். கையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அவள் மேல் கோபமா, என் மேலா, அந்த மதாம்மா மேலா, எனக்கே தெரியவில்லை. சுமட்டுக்காரர்கள் மறுபடி குரல் கொடுத்தார்கள், பெட்டி வள்ளத்தில் இறங்கியது, கடைசிச் சுரம் கேட்கவே இல்லை.

நாலைந்து வருஷம் கழித்து, துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சின்ன எலக்ட்ரிக் கீபோர்டு வாங்கினேன். அந்தப் பழைய புத்தகத்தை அன்றைக்கே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், அதற்குச் சேட்டிடம் கேட்கவும் இல்லை. இரண்டு பெருவிரலுக்கும் ஒழுங்காக வேலை கொடுத்து, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் குறுக்கே வரவில்லை. இருபத்தேழாவது பாடம் இப்போது தண்ணீர் மாதிரி ஓடும். ஐரீன் வந்தாலும் வாசிப்பேன். ஆனால் கடைசிச் சுரத்தை மட்டும் நான் அடிப்பதில்லை, அதற்கு முந்தினதோடு கையை எடுத்துவிடுவேன். அது என்னுடையது இல்லை.

இனிமேல் சொல்வதை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். கீபோர்டை மூடி வைப்பதில்லை, வேண்டுமென்றே துடைப்பதும் இல்லை. பப்படக்கார வீடு, ஒரு நாள் விட்டால் எல்லாக் கட்டையிலும் உளுந்து மாவு படிந்துவிடும். வெள்ளைக் கட்டையில் வெள்ளை மாவு தெரியுமா என்று மடக்காதீர்கள், தொட்டால் விரலில் ஒட்டும். தினமும் மத்தியானம் ஒரு மணிக்குப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். கடைசிச் சுரத்தின் கட்டை மட்டும் துடைத்திருக்கிறது, ஈரமாக இருக்கிறது. நான் மற்றதை எல்லாம் வாசித்துவிட்டுக் கையை எடுத்துக் காத்திருக்கிறேன். ஒன்றும் வருவதில்லை. தொடு, நான் சொன்னது தப்பு, தொடு என்று கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று, அண்ணி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். திரேசா தினமும் வந்து துடைக்கிறாள், அழுத்த மட்டும் மாட்டேன் என்கிறாள். தொடாதே என்று நான் முதலில் சொன்னதைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.